யார் நடந்து போனார்? நாஞ்சில் நாட்டுக் கிறித்தவ வாழ்வில் ஒப்புரவின் வரலாறு

பீடத்தருகே காணிக்கையோடு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறது மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம். புறப்பட்டுப் போகும் கடமை காயப்படுத்தியவனுடையது. நாஞ்சில் நாட்டிலும் அதையொட்டிய குமரிக் கடற்கரையிலும் இந்தக் கடமையை யார் நிறைவேற்றினார் என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிலாடியைச் சேர்ந்த கிறித்தவர் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806இல் இலண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிப் பக்கம் வந்தார். 1818இல் மிஷனரி மீட் வந்த பிறகு நாகர்கோவில் அந்த மிஷனின் மையமாயிற்று. அந்தச் சபைகளில் தீராப் பகையோடு இருப்பவரைத் திருவிருந்தில் சேர்க்காமல் நிறுத்தி வைக்கும் ஒழுங்கு இருந்தது. மனந்திரும்பியது தெரிந்த பிறகே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இருவர் சண்டை முழுச் சபையின் நோவு என்று கருதியது இம்முறையின் பெருமை. ஆனால் குற்றவாளி கணக்குக் கொடுத்தது மிஷனரியிடமும் மூப்பரிடமும்தான். கத்தோலிக்கக் கடற்கரையிலும் ஏறத்தாழ இதே நிலை. பாவசங்கீர்த்தனம் கேட்பவரும் பங்குச்சாமியார், ஊர் வழக்கைத் தீர்ப்பவரும் அவரே. சமாதானம் மேலிருந்தே இறங்கியது.

அப்படி இறங்கிய சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வடக்கன்குளம் சான்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வரும் ஊர். இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், குமரித் திருச்சபை வரலாற்றை அதை விட்டுவிட்டு எழுத முடியாது. நட்டாலத்து நீலகண்டர் 1745இல் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். 1752இல் அவரைக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதாக அவர் நினைக்கப்படுகிறார். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே 1870களில் எழுந்த ஆலயம் கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்திருந்தது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், இடையில் சுவர், முன்னால் ஒரே பீடம். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இருவரும் ஒரே நற்கருணையை வாங்கினார்கள்.

1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் விழுந்தே ஆக வேண்டியது. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் சுவரால் மேன்மை கண்டவர்கள் மறுபக்கம் நடந்து போகவில்லை. அவர்கள் போனது நீதிமன்றத்துக்கு. கட்டளை அநீதியை நிறுத்தியது. உறவைப் பிறப்பிக்க அதனால் ஆகவில்லை. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டிருந்ததை, அந்த வழக்கின் மிகத் தாமதமான தீர்ப்பாகவே நான் படிக்கிறேன்.

இன்னொரு சான்று மண்டைக்காடு. பழைய நாஞ்சில் நாட்டின் எல்லைக்கு வெளியே, கல்குளம் பகுதியில், கடலை ஒட்டி இருக்கிறது அது. மாசிக் கொடைக்குப் பகவதியம்மனை வணங்க வரும் பெண்கள் கடலில் நீராடுவார்கள். அந்தக் கரையில் வாழ்பவர்கள் கத்தோலிக்க மீனவரான முக்குவர். 1982 மார்ச் 1 அன்று, திருவிழாக் கூட்டத்தினிடையே இந்து, கத்தோலிக்கத் தரப்புகளுக்குள் மூண்ட மோதலில் போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தனர். அடுத்த நாட்களில் கலவரம் கடற்கரை நெடுகப் பரவியது. அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் காரணங்களை ஆராயலாம், பரிந்துரை செய்யலாம். மன்னிப்புக் கேட்பது அதன் வேலை அல்ல.

இழப்பின் அளவை இறந்தோர் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. கடற்கரைப் பெண் தலைச்சுமையாக மீனை உள்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். உள்நாட்டுப் பெண் அதை வாங்கி மரச்சீனிக்கிழங்கோடு சமைப்பாள். குமரி மாவட்டத்தில் மதங்களுக்கிடையே நிலவிய உறவு பெரும்பாலும் இந்தக் கூடை வழியாகத்தான் ஓடியது. அந்தப் பாதையில் அச்சம் வந்து உட்கார்ந்தது.

அப்போது நடந்து வந்தவர் ஒரு சைவத் துறவி. குன்றக்குடி அடிகளார் கலவரப் பகுதிக்கு நேரில் வந்து, இரு தரப்பு மக்களிடையிலும் அமைதிப் பணி செய்தார். அவருடைய திருவருட்பேரவை பல சமயத்தாரை ஒரே மேடையில் அமர்த்தியது. நற்செய்தியின் கட்டளையைக் கேட்டு வளர்ந்த கடற்கரைக்கு, அதைச் செய்து காட்டியவர் மடாதிபதி. இதை நம் திருச்சபை வரலாறுகள் இன்னும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

அதே 1980களில் கோட்டாறு மறைமாவட்டத்தில் அன்பியங்கள் வேரூன்றின. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில கூடி, விவிலியம் வாசித்து, தங்களுக்குள் பேசித் தீர்க்கும் சிறு குழுக்கள் இவை. பங்குச்சாமியாரின் தீர்ப்புக்குக் காத்திராமல் பகைத்தவர்களே எதிரெதிரே உட்காருவதற்கு அங்கே இடம் கிடைத்தது. மேலிருந்து இறங்கிய சமாதானம் முதன்முறையாகத் திண்ணைக்கு வந்தது என்பேன். ஆயினும் அன்பியத்தின் எல்லை பங்கின் எல்லையே. கடலில் மோதிக்கொள்ளும் விசைப்படகுக்காரரும் கட்டுமரக்காரரும் ஒரே பங்கினராயின் அதில் சேர்ந்து உட்காரலாம். மண்டைக்காட்டு இந்து அயலாருக்கு அதில் இருக்கை இல்லை. அந்த இருக்கையைக் கடற்கரை மக்கள்தாம் எடுத்துப் போட வேண்டும். உள்நாட்டாரும் தம் திண்ணையில் அவர்களுக்கு ஒன்று போட வேண்டும்.