காய்ச்சலும் மருந்தும் கலமென்சவ்வும்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பண்டாரவன்னியனின் வீரத்தைப் பற்றியும் குளக்கட்டுகளின் பழமையைப் பற்றியும் நிறைய எழுதியுள்ளனர். காய்ச்சலைப் பற்றி எழுதினோர் அரியர். காடு வெட்டிக் கழனியாக்க வந்த குடியானவன் யானையை விட அஞ்சியது நுளம்புக்கே. ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் நாற்பது வயதைக் கடந்தோரில் பலர் மலேரியாவின் நடுக்கத்தை உடம்பால் அறிந்தவர்கள். அந்நோயை வென்ற மருந்தின் கதையும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே.

1934ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு மழை பொய்த்தது, தென்மேற்கின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. வன்னி போன்ற வறண்ட பகுதி மக்களுக்கிருந்த எதிர்ப்பாற்றல் கேகாலை மக்களுக்கு இருக்கவில்லை. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 உயிர்கள் மடிந்தன. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் சூரியமல் இயக்கத்து இளைஞரும் கிராமங்களுக்குச் சென்றனர். கொயினா மட்டும் போதாது, பட்டினி கிடந்த உடம்புக்கு உணவும் வேண்டும் என்பதைக் கண்டு பருப்பும் பகிர்ந்தனர். ‘பருப்பு மாத்தயா’ என்று பெரேராவுக்கு மக்கள் இட்ட பெயர், பல்கலைக்கழகங்கள் அளித்த பட்டங்களிலும் பெரிது என்பேன்.

அதே 1934இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வுகூடத்தில் ஹான்ஸ் அண்டர்சாக் என்பார் குளோரோகுயினை ஆக்கினார். நச்சுத்தன்மை மிகுந்தது என்று அது ஒதுக்கி வைக்கப்பட்டது. போர்வீரர்க்கு மருந்து தேவைப்பட்ட இரண்டாம் உலகப் போரின் பின்னரே உலகம் அதனை ஏற்றது.

அம்மருந்து செய்யும் வேலை விந்தையானது. மலேரியா ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்தினுள் ஒளிந்து வாழ்வது. அக்கலத்தைப் போர்த்திய மென்சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பாலானது என்பதை, 1925இல் கோர்ட்டரும் கிரெண்டலும் அதே செங்குருதிக் கலங்களைக் கொண்டே காட்டினர். ஏற்றமற்ற மூலக்கூறு கொழுப்பினூடே எளிதில் புகும். மின்னேற்றம் பெற்றதற்கு அது கடத்தற்கரிய அரண். குளோரோகுயின் ஏற்றமின்றிச் சவ்வுகளைக் கடந்து, ஒட்டுண்ணியின் அமிலம் மிகுந்த உணவுப் புன்வெற்றிடத்தை அடைகிறது. அங்கே ஐதரசன் அயன்களோடு கூடி நேரேற்றம் பெற்றதும் திரும்ப வழியில்லை, சிறைப்பட்டுக் குவிகிறது. ஒட்டுண்ணி ஈமோகுளோபினைத் தின்று கழிக்கும் நச்சான ஈமைப் பளிங்காக்கித் தப்பிக்கும் வழக்கமுடையது. மருந்து அதனைத் தடுக்க, தன் உணவின் நஞ்சாலேயே ஒட்டுண்ணி மாள்கிறது.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. இரசாயனம் முடியும் இடத்தில் வரலாறு தொடங்குகிறது என்பதே என் விடை.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டியதென்று விழிப்புத் தளர்ந்தது. 1969இல் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. அடுத்து வந்தது மருந்தின் தோல்வி. பல்சிப்பாரம் வகை ஒட்டுண்ணியின் புன்வெற்றிடச் சவ்விலே ஒரு புரதம் உண்டு. அதன் மரபணு 2000ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது. அப்புரதத்தின் 76ஆம் இடத்தில், நேரேற்றமுள்ள இலைசீனுக்குப் பதிலாகத் திரியோனின் அமைந்துவிட்டால், சிறைப்பட்ட மருந்து அவ்வழியே வெளியேறிவிடும். ஓர் அமினோ அமிலம் மாறியதும் பூட்டு திறக்கிறது. இலங்கையில் இவ்வெதிர்ப்பு முதன்முதலிற் பதிவானது 1984இல்.

வன்னிக்கு அதன்பின் வந்த காலம் கொடியது. 1990 முதல் பொருளாதாரத் தடை. மருந்தும் அனுமதி பெற்றே வந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடிய மக்கள் ஸ்கந்தபுரத்து மரங்களின் கீழும் கொட்டில்களிலும் தங்கினர். நுளம்பு தடுக்கச் சுவரில்லாத வீட்டில் காய்ச்சலுக்கு எல்லை ஏது? கலமென்சவ்வை எளிதிற் கடக்கும் மூலக்கூறு சோதனைச்சாவடியைக் கடக்கத் திணறிற்று. எனினும் இரத்தப் பூச்செடுத்து, வில்லை கொடுத்து, மருந்து தெளித்துத் திரிந்த மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் போரின் இருபுறமும் இயங்கினர். நம் பாடநூல்களில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

நாட்டினுள் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மன்னாரின் கிணறுகளில், இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பின் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன.