அடங்கலும் அடக்கலும்: ஓர் எழுத்தின் வரலாறு

பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் முதலில் அடங்கல் கேட்பார்கள். எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் கணக்கு அது. மூவர் தேவாரம் முழுவதற்கும் அடங்கன்முறை என்று பெயர். இரண்டிலும் அடங்குதல் என்பது ஓரிடத்தில் முழுதும் கொள்ளுதல். யாரையும் யாரும் மிரட்டவில்லை. அடங்கன்முறையிலிருந்து அடக்குமுறைக்குத் தமிழ் எப்படி வந்தது?

அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, முடங்கு–முடக்கு. மெல்லினம் வந்தால் தன்வினை, வல்லினம் வந்தால் பிறவினை. செய்தவர் யார் என்பதை ஒற்றை மெய்யெழுத்து காட்டிவிடுகிறது. சிக்கல் பெயர்ச்சொல்லில்தான். மயங்கு மயக்கமாவது போல அடங்கு அடக்கமாகிறது. அந்த எழுத்து வேறுபாடு அங்கே மறைந்துபோகிறது. ஒருவர் தானாக அடங்கினாரா, அடக்கப்பட்டாரா என்பதை அடக்கம் என்ற சொல் காட்டாது.

குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. துறவறவியலில் அல்ல, இல்லறவியலில் இருக்கிறது. ஆமையை உவமை காட்டும் குறளில் வள்ளுவர் பிறவினையையே ஆள்கிறார். ஆனால் அடக்குபவரும் அடக்கப்படும் ஐம்புலன்களுக்கு உரியவரும் ஒருவரே. பணிவு எல்லார்க்கும் நன்று, செல்வருக்கோ அது இன்னொரு செல்வம் என்பதும் அதே அதிகாரத்தில் வருகிறது. இன்று ‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்கிறோம். அடக்க ஒடுக்கமான முதலாளி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காலமறிதல் அதிகாரத்தில் ஒடுக்கம் என்பது பாய்வதற்குமுன் பின்வாங்கும் போர்க்கடாவின் நிலை. அதில் அச்சமே இல்லை. 13ஆம் நூற்றாண்டின் சிவஞானபோதத்தில் ஒடுங்குவது உலகமே. பிற்கால வழக்கில் அடக்கம் சவக்குழிவரை போயிற்று. கிறித்தவரும் இசுலாமியரும் நல்லடக்கம் என்கிறார்கள்.

அரசியலுக்கு இந்த அடக்கம் பயன்படவில்லை. 1919இன் ரௌலட் சட்டத்தையோ 1975இன் நெருக்கடி நிலையையோ அடக்கம் என்றால் அது பாராட்டாகிவிடும். அடக்குமுறை, ஒடுக்குமுறை என்னும் சொற்கள் பிறவினையின் வல்லினத்தைப் பெயருக்குள் கொண்டுவந்தன. இரண்டும் வினைத்தொகை: அடக்கிய, அடக்குகின்ற, அடக்கும் முறை. முக்காலமும் அதற்குள் இருப்பது தற்செயலே ஆனாலும் பொருத்தம்தான்.

இதைவிட நுட்பமான திருத்தம் சாதிப் பெயர்களில் நடந்தது. தாழ்ந்தோர் என்றால் தாமே தாழ்ந்தார்கள் என்றாகும். தாழ்த்தப்பட்டோர் என்றதும், தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. பிற்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் ஆனதும் அப்படியே. 1989இல் 20 விழுக்காடு இடஒதுக்கீடு பெற்ற ‘மிகவும் பிற்படுத்தப்பட்டோர்’ பட்டியலும் அந்தப் பிறவினையோடுதான் வந்தது. செய்தவர் பெயர் மட்டும் இன்னும் எழுவாயாகவில்லை.

எதிர்ப்பின் சொல்லோ தன்வினைக்கே திரும்புகிறது. ‘அடக்காதே’ என்றால் கேட்கப்படுபவர் ஆள்பவர். விடுதலைச் சிறுத்தைகளின் ‘அடங்க மறு’ அடக்கப்படுபவரிடம் பேசுகிறது. ஈழத்து வன்னிக்கு அடங்காப்பற்று என்ற பழம்பெயர் உண்டு. வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சி. சுந்தரலிங்கத்துக்கு ‘அடங்காத் தமிழன்’ என்பது பட்டம். மண்ணுக்கும் ஆணுக்கும் பெருமையான அதே அடை, பெண்ணுக்கு வந்தால் அடங்காப்பிடாரி என்ற வசை. பிடாரியோ ஊரைக் காக்கும் தெய்வம். வசைபாடிய அதே வாய்கள் அவள் சந்நிதியில் குலவையிடும்.