குறிப்பேட்டைப் படித்துச் சொல்பவர்

ஆதம்பாக்கத்தில் கருணீகர் தெரு என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் யோசித்திருக்கிறீர்களா? கருணீகர் என்றால் ஊர்க் கணக்கு எழுதுகிறவர். 'கர்ணம்' என்றால் சட்டென்று புரியும். தமிழ்நாட்டில் 1980-ல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். ஆனால் கணக்குப்பிள்ளைகளின் பழைய வழக்கம் ஒன்று உங்கள் பேங்க் கம்ப்யூட்டருக்குள் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

மளிகைக் கடையில் முதலில் குறிப்பேடு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது. அப்புறம்தான் பேரேடு, யார் கணக்கில் எவ்வளவு என்று. பேரேட்டைக் கறையான் அரித்தாலும் குறிப்பேட்டை வைத்து மறுபடி எழுதிவிடலாம்.

டேட்டாபேஸும் அப்படித்தான். நீங்கள் நண்பருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழித்தாயிற்று, அவர் கணக்கில் கூட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. பணம் எங்கே? இதற்காகத்தான் எந்த மாற்றத்தையும் முதலில் 'லாக்'கில் எழுது என்று விதி. கரண்ட் வந்ததும் அதைப் படித்து, நடந்ததை மறுபடி நிகழ்த்தி, அரைகுறையாக நின்றதை ரத்து செய்ய வேண்டும். இதைச் சீராக வகுத்த முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். 1992-ல் வெளியான அந்த ஐ.பி.எம். கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டுக்காரர். ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் வரும் ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது, நம்புங்கள், கெமிக்கல் இன்ஜினீயரிங்!

அதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் வேறு மாதிரி யோசித்தார். பழைய வரியை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் எழுதினால் இந்த லாக்கே வேண்டாமே! அவருடைய போஸ்ட்கிரஸ் அப்படித்தான் பிறந்தது. ஆனால் அதன் வாரிசான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2001-ல் லாக்குக்கே வந்து சேர்ந்தது.

பிறகு இன்னொரு உபயோகம் தெரிந்தது. காலையில் பதிவு செய்த டிக்கெட்டை மாலையில் ரத்து செய்கிறீர்கள். ராத்திரி பேரேட்டை நகல் எடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது. குறிப்பேட்டில் இரண்டும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த எழுத்து கர்ணத்தின் கிறுக்கல் மாதிரி: 'இத்தனாவது பக்கத்தில் இந்த இடம் மாறியது.' 2014 டிசம்பரில் வந்த 9.4 பதிப்பில் இதைப் படித்துச் சொல்ல ஆள் போட்டார்கள். பெயர் 'லாஜிகல் டீகோடிங்'. 'இந்த அட்டவணையில் இந்த வரி சேர்ந்தது' என்று, உறுதியான மாற்றங்களை அவை உறுதியான வரிசையில், உடனுக்குடன் சொல்லும். எந்த நடையில் சொல்வது என்பது மட்டும் ப்ளக்-இன்னின் பொறுப்பு.

கேட்கிறவர் எதுவரை கேட்டார் என்று அடையாளம் வைப்பது 'ஸ்லாட்'. அவர் கேட்காத பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் கேட்கிற ஸாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு ஸ்லாட்டை மறந்துபோனால்? குறிப்பேடு வீங்கி, டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸே படுத்துவிடும். 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பில்தான் இதற்கு உச்சவரம்பு வைக்க முடிந்தது. வரம்பைத் தாண்டினால் பழைய பக்கங்கள் போய்விடும், கேட்கிறவர் முதலிலிருந்து நகல் எடுக்க வேண்டியதுதான்.

ஆகவே உங்கள் ஆபீசில் இதைப் பொருத்த வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கேட்கிறவர் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?" பதில் சொல்லத் தயங்கினால், செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.