வீழ்ந்தவர்க்குத் திறந்த வாயில்

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்குவது அருள் என்னும் கோட்பாடு. மனிதனுடைய தகுதியை நோக்காது இறைவன் தானே முன்வந்து நல்கும் அன்பே அருள் எனப்படும். கிருபை என்று வழங்குவதும் அதுவே. அது தவறியவனைத் தொடும்பொழுது மன்னிப்பாக மலர்கின்றது. இவ்வாறு சொல்லிவிடுவது எளிது. ஆயின், இடுக்கண் வந்தபோது நம்மைக் கைவிட்டுச் சென்றவன், இடுக்கண் நீங்கியபின் திரும்பி வந்து வாயிலில் நின்றால் என் செய்வது? இவ்வினாவைத் திருச்சபை மிகுந்த வேதனையோடு எதிர்கொண்ட இடம், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் மாநகரம். அந்நகரின் இடிபாடுகளை இன்றும் தூனிசியா நாட்டில் காணலாம்.

கி.பி. 249ஆம் ஆண்டில் டெசியஸ் என்பவன் ரோமப் பேரரசன் ஆனான். எல்லைகளில் பகைவரும் உள்நாட்டில் கலகமும் மலிந்திருந்த காலம் அது. தேவர்களின் சினமே இவற்றுக்குக் காரணம் என்ற எண்ணம் பரவியிருந்தது. குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழும் பெறவேண்டும் என்று அவன் கட்டளை பிறப்பித்தான்.

அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலில் புதைந்திருந்து, பிற்காலத்தில் வெளிப்பட்டன. 250ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, 72 வயது முதியவர் ஒருவருடையது. தந்தை பெயர், ஊர், வயது, வலப்புருவத்தில் உள்ள தழும்பு ஆகிய யாவும் அதில் முறையாகக் குறிக்கப்பட்டுள்ளன. தாம் எப்பொழுதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்பொழுதும் அதிகாரிகள் முன்னிலையில் அவ்வாறே செய்ததாகவும் அவர் விண்ணப்பித்துக் கொள்கிறார். அவர் எச்சமயத்தவர் என்பதை அத்தாள் சொல்லவில்லை. அரசாங்கக் காகிதங்களோடு நாள்தோறும் பழகும் நம்போன்றோர்க்கு அதன் வாசகம் புதிதாகத் தோன்றாது. ஆனால் அச்சிறு தாளைப் பெறுவதா மறுப்பதா என்பது ஒரு கிறிஸ்தவனுக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று.

கார்த்தேஜ் நகரில் உறுதியோடு நின்று சிறையில் வாடியவர் சிலர். அங்கேயே உயிர் துறந்தவரும் உண்டு. ஆயினும் பெருந்தொகையினர் அஞ்சிப் பணிந்தனர். நேரே பலியிட்டவர் ஒரு சாரார். தூபம் மட்டும் இட்டவர் ஒரு சாரார். பலியிடாமலே கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை வாங்கிக் கொண்டவர் மற்றொரு சாரார். 251ஆம் ஆண்டில் டெசியஸ் கோத்தியரோடு புரிந்த போரில் மடிந்தான். அடக்குமுறை அதற்கு முன்னரே தணிந்துவிட்டது. வீழ்ந்தவர்கள் கண்ணீரோடு சபையின் வாயிலுக்குத் திரும்பினர்.

அந்நாளில் கார்த்தேஜின் ஆயராக இருந்தவர் சிப்ரியான். சொல்வன்மை பயிற்றும் ஆசிரியராக இருந்து, நடுவயதில் கிறிஸ்தவரானவர். அடக்குமுறையின்போது அவர் நகரை விட்டு மறைந்திருந்து, கடிதங்கள் வாயிலாகவே சபையை நடத்தினார். மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பன் என்று அவரைப் பழித்தவர்களும் இருந்தனர். பிறருடைய வீழ்ச்சியைத் தீர்க்க வேண்டியவரே பழிச்சொல்லுக்கு ஆளாகியிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் முன் இரண்டு வழிகள் நின்றன. சிறையில் துன்புற்ற வீரர் சிலர், வீழ்ந்தவர்களை ஏற்றுக்கொள்ளுமாறு தாராளமாகப் பரிந்துரைக் கடிதம் வழங்கினர். ஒருவர் பெயரை எழுதி, அவருடைய வீட்டாரையும் ஏற்கலாம் என்று பொதுப்பட எழுதிய கடிதங்களும் இருந்தன. இதற்கு நேர்மாறாக, ரோமாபுரியில் நோவேஷியன் என்னும் அறிஞர், மறுதலித்தவரைச் சபை மீண்டும் சேர்க்கவே கூடாது என்று வாதித்துத் தனிச்சபை கண்டார். முன்னது குற்றத்தை மறக்கச் செய்தது. பின்னது குற்றவாளியையே மறந்தது.

251ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே ஆராய்ந்தது. சான்றிதழ் மட்டும் வாங்கியவர் மனம் வருந்தித் தவம் இயற்றியபின் சேர்க்கப்படலாயினர். பலியிட்டவர் நெடுந்தவம் புரியவேண்டும். மரணத் தறுவாயில் அவர்க்குச் சபையின் சமாதானம் மறுக்கப்படாது என்று தீர்மானித்தனர். சில காலத்துக்குள் மற்றோர் அடக்குமுறை வருமென்ற அச்சம் எழுந்தபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் மன்றம் சேர்த்துக் கொண்டது. களத்துக்கு அனுப்பும் வீரனை ஆயுதமின்றி அனுப்பலாகாது என்பதே அவர்கள் கூறிய நியாயத்தின் சாரம். முன்பு கடைசி மூச்சுக்கென ஒதுக்கியதை இப்பொழுது வாழ்வின் வலிமைக்கென வழங்கினர்.

இம்முடிவுக்கு வேர் நற்செய்தி நூல்களிலேயே உண்டு. தலைமைச் சீடரான பேதுரு, தம் ஆண்டவரை அறியேன் என்று ஓரிரவில் மூன்று முறை மறுதலித்தார். பின்னர் மனங்கசந்து அழுதார். மந்தையை மேய்க்கும் பொறுப்போ அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. மறுதலித்தவனுக்கு மீட்சியில்லை என்றால், முதலில் விலக்கப்பட வேண்டியவர் பேதுருவே அன்றோ?

அவ்வாண்டுகளில் கொடிய கொள்ளைநோயும் கார்த்தேஜைத் தாக்கியது. நோயுற்றோரைக் காக்கக் கிறிஸ்தவர்களைத் திரட்டிய சிப்ரியான், தம் சமயத்தார்க்கு மட்டும் நன்மை செய்தல் போதாது, பகைத்தவர்க்கும் செய்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார் என அவர் வரலாற்றை எழுதிய பொந்தியஸ் கூறுகிறார்.

நோவேஷியன் வழியினர் அதன்பின்னும் சில நூற்றாண்டுகள் தனித்தே வாழ்ந்தனர். 325ஆம் ஆண்டில் நைசியா நகரில் பெருஞ்சங்கம் கூடியபோது, அப்பிரிவின் ஆயர் அசேசியஸ் தம் சபையின் கண்டிப்பைக் கான்ஸ்டன்டைன் பேரரசனிடம் எடுத்துரைத்தாராம். ஏணி ஒன்றை நாட்டித் தனியே வானுலகம் ஏறுமாறு அரசன் மறுமொழி கூறினான் என்று சாக்ரடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். தூயோர் மட்டுமே ஏறும் ஏணியில் துணைக்கு யாரும் இரார் என்பதே அதன் உட்கிடை.

சிப்ரியானுக்கும் சோதனை மீண்டும் வந்தது. இம்முறை அவர் ஓடவில்லை. 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டு, பலியிட மறுத்து, வாளால் வெட்டுண்டு இறந்தார். தம்மை வெட்ட வந்த கொலையாளனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்குமாறு அவர் தம்மவர்க்குப் பணித்ததாக விசாரணைக் குறிப்பு கூறுகிறது. வீழ்ந்தவர்க்கு வாயிலை அடைக்க மறுத்தவர், தம் மேல் வாளோங்கியவனையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.