இருளுக்குப் பழகும் கண்: கணினி மாதிரி

ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில் கி.பி. 770-இல் குடையப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குள் உச்சிவெயிலிலிருந்து நுழைபவருக்குக் கருவறை முதலில் சரியாகத் தெரியாது. கண்மணி விரிவது இதில் சிறு பங்குதான்; பெரும்பங்கு விழித்திரையின் ஒளியுணர் செல்களுடையது. வெயிலில் வெளுத்துப்போன நிறமி அவற்றில் மீண்டும் உருவாக வேண்டும். கூம்புச் செல்களுக்கு இது சில நிமிட வேலை. கோல் செல்களுக்கோ, முழுதும் வெளுத்தபின், அரை மணிக்கும் மேலாகும். மீட்சியின் வேகம் மீதமுள்ள வெளுப்பின் அளவைப் பொறுத்துக் குறையும் என்றே பழைய சமன்பாடுகள் கொண்டன. ட்ரெவர் லாம்பும் எட்வர்ட் பியூவும் 2004-இல் முன்வைத்த மாதிரியோ, 11-சிஸ் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வழிப்பொருள் செல்லுக்கு வந்துசேரும் வேகமே தடை என்கிறது. வரத்து மாறாதவரை மீட்சியும் ஒரே சீராக நடக்கும். அளந்த வளைகோடுகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய நேர்க்கோடுகளே.

எண்களைத் திருகினால் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாமே என்பது நியாயமான ஆட்சேபம். வெறும் பொருத்தத்தை நம்பும் மாதிரிக்கு அது செல்லும். இங்கோ ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வேதிவினை நிற்கிறது. ஆகவே வைட்டமின் ஏ குறைந்தால் மீட்சி மந்தமாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மாலைக்கண் உள்ளவர்களிடம் காணப்படுவதும் அதுவே. இதற்கு மாறாக, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டு 2016-இல் வெளியான கூகுள் நிரல் நீரிழிவு விழித்திரைப் பாதிப்பைத் திறமையாகக் கண்டுபிடிக்கிறது. செல் ஏன் அப்படி நடக்கிறது என்ற கேள்வி அதற்குத் தேவைப்படவில்லை.