ஆசிரியரின் கை படாத தாள்

1912ஆம் ஆண்டில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பள்ளி மாணவரின் ஆங்கில விடைத்தாளைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் அதைத் திருத்தினார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 50 போட்டார், இன்னொருவர் 97 போட்டார். முழு ஆண்டுத் தேர்வுக் காலத்தில் கட்டுக்கட்டாகத் தாள் திருத்தியவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்படமாட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தால் அஞ்சு மார்க் கூட விழும், மதியச் சாப்பாடு தாமதமானால் அஞ்சு குறையும். ஆனால் எதையும் அளந்து பார்த்துவிட வேண்டும் என்ற வேகத்தில் இருந்த அன்றைய அமெரிக்கக் கல்வியாளர்களுக்கு இது ஒரு அவமானமாகவே பட்டது. திருத்துகிறவரின் கையை விடைத்தாளிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று யோசித்தார்கள். இன்று நாம் ஓ.எம்.ஆர். தாள் என்று சொல்லும் பொருள் கருக்கொண்டது அந்த யோசனையில்தான்.

ஃபிரெடெரிக் கெல்லி 1914இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் இதையேதான்: ஆசிரியர்கள் போடும் மதிப்பெண் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த அவர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மௌன வாசிப்புக்கு ஒரு தேர்வு தயாரித்தார். பசு, புலி, எலி, ஓநாய் என்று நான்கு பெயர்கள் கொடுத்து, பண்ணைக்குப் பயன்படுவதைச் சுற்றிக் கோடு போடச் சொல்லும் கேள்வி அதில் உண்டு. பிள்ளை எழுத வேண்டியதே இல்லை. திருத்துகிறவர் யோசிக்க வேண்டியதும் இல்லை. பசு என்றால் சரி, மற்றதெல்லாம் தப்பு. ‘எலி பிடிக்க வரும் பூனைக்கு எலிதானே சோறு’ என்று வாதாடும் வாண்டுப் பயலுக்கு இந்தத் தாளில் இடமே கிடையாது.

1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸின் குழு சுமார் 17 லட்சம் சிப்பாய்களுக்கு இதே வகைத் தேர்வை வைத்தது. போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் அப்படியே பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. அந்தக் குழுவில் இருந்த கார்ல் பிரிகம்தான் 1926இல் கல்லூரி நுழைவுக்கான முதல் எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கினார். அவர் எழுதிய இனவாதப் புத்தகத்தையும், பிற்பாடு அதன் முடிவுகளை அவரே கைவிட்டதையும் பேசப் போனால் தனிக் கட்டுரை வேண்டும்.

இவ்வளவு நடந்தும் தாளின் மேல் அச்சு அட்டையை வைத்து, ஓட்டை வழியே பார்த்து, சரியான விடைகளை ஒருவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கையையும் எடுத்தவர் ரெனால்ட் ஜான்சன். மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன்வுட் ஊரில் அறிவியல் வாத்தியார். சிறுவனாக இருந்தபோது, அக்காமார்களைப் பார்க்க வரும் வாலிபர்களின் காரில் ஸ்பார்க் பிளக்கின் மேல் பென்சிலால் கோடு கிழித்துவிடுவாராம். கிராஃபைட் வழியே மின்சாரம் கசிந்துவிடும், வண்டி கிளம்பாது. அந்தக் குறும்பே பின்னால் இயந்திரமானது. சரியான விடைக் கட்டத்தில் பென்சில் கோடு இருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பாய்ந்ததையெல்லாம் கூட்டினால் மதிப்பெண், அதை முள் காட்டும். ஒரு பிள்ளை அழுத்திக் கிறுக்கும், இன்னொன்று பட்டும் படாமலும் கோடு போடும் என்பதுதான் இடைஞ்சல். சுற்றில் பெரிய மின்தடைகளைச் சேர்த்து, கோட்டின் தடிமன் கணக்கில் ஏறாதபடி செய்தார் ஜான்சன். அவரை ஐ.பி.எம். 1934இல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் ‘ஐ.பி.எம். 805’ சந்தைக்கு வந்தது. மணிக்கு ஆயிரம் தாள் வரை திருத்தியது. (கணினியின் முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே வாத்தியார்தான்.)

1950களில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் மின்சாரத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பிடித்தார். தாளின் மேல் ஒளி பாய்ச்சினால் கருத்த இடமும் வெளுத்த இடமும் தெரியும். இந்த முறையில் ஒரு கூடுதல் விஷயம் ஒளிந்திருந்தது. ரப்பரால் அழித்த வட்டம் வெள்ளையாகிவிடாது, சாம்பல் பூத்து நிற்கும். அழுத்தி நிரப்பியது எது, அழித்துவிட்டுப் போனது எது என்பது ஸ்கேனருக்குத் தெரியும். வெகுகாலம் அதை யாரும் கேட்கவில்லை. நம்மூரில் பென்சில் போய்ப் பால்பாயிண்ட் பேனா வந்தது, அழிக்கவே முடியாது என்று நினைத்தோம். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் தானாக மறையும் மை புகுந்தது. டி.என்.பி.எஸ்.சி. 99 பேரைத் தகுதிநீக்கம் செய்தது.

அமெரிக்காவில் தாளின் தலையெழுத்து மாறியது சட்டத்தால். 1965இல் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கியபோது, அந்தப் பணத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்பது எப்படித் தெரியும் என்று செனட்டர் ராபர்ட் கென்னடி கேட்டார். நியாயமான கேள்வி. 2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் அதற்குச் சொன்ன பதில் முரட்டுத்தனமானது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை வருடாவருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேர வேண்டும். தொடர்ந்து தவறும் பள்ளியில் ஆட்களை மாற்றலாம், நிர்வாகத்தையே கலைக்கலாம்.

இந்தச் சட்டத்தை ஒரேயடியாகத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கறுப்பினப் பிள்ளைகள், லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணையும் தனித்தனியே காட்டு என்றது அது. அதுவரை பணக்கார வட்டாரத்துப் பள்ளிகள் சராசரியின் நிழலில் அவர்களை மறைத்து வைத்திருந்தன. சிவில் உரிமை அமைப்புகள் சில இன்றுவரை ஆண்டுத் தேர்வை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஆசிரியரின் கையை நம்பாமல் உருவான தாளில், அதே ஆசிரியரின் சோற்றையும் கட்டித் தொங்கவிட்டார்கள். தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்த பிள்ளைக்கு எல்லாக் கவனிப்பும் கிடைத்தது. அடிமட்டத்தில் இருந்ததும், எப்படியும் தேறிவிடும் பிள்ளையும் கண்ணில் படவில்லை. ஓவியமும் வரலாறும் கால அட்டவணையில் சுருங்கின.

அட்லாண்டாவில் அந்தக் கை திரும்பி வந்தது. அந்நகரப் பள்ளிகளின் தலைவர் பெவர்லி ஹால் ஒவ்வொரு பள்ளிக்கும் இலக்கு வைத்தார். எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாத தலைமையாசிரியருக்கு மூன்று ஆண்டு கெடு. 2009இல் நாட்டின் சிறந்த கல்வித் தலைவர் என்ற விருதும் ஹாலுக்கு வந்தது. மதிப்பெண்கள் ஏறிய வேகத்தை உள்ளூர் நாளிதழான ‘அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்’ சந்தேகித்தது. அதன் பிறகுதான் அந்தச் சாம்பல் தடங்களை எண்ணிப் பார் என்று மாநில அரசு இயந்திரத்திடம் கேட்டது. பிள்ளைகளும் அழிப்பார்கள், சரியை அழித்துத் தப்பாக்குவதும் உண்டு. ஆனால் சில வகுப்பறைகளில் தப்பை அழித்துச் சரியாக்கிய தடங்கள் மட்டும் மலைபோல் குவிந்திருந்தன.

2011 ஜூலையில் விசாரணை அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. சிக்கியவர்கள் 178 பேர், ஒப்புக்கொண்டவர்கள் 82 பேர். ஒரு பள்ளியில் வினாத்தாள் கட்டின் பிளாஸ்டிக் உறையை பிளேடால் கீறி, பிறகு லைட்டரால் சூடு காட்டி ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு பள்ளியின் ஆசிரியர்கள் வார இறுதியில் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள். வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர் கைரேகை படாதிருக்கக் கையுறை மாட்டிக்கொண்டு தாளைத் தொட்டிருக்கிறார். இவர்களெல்லாம் பணத்தாசை பிடித்தவர்கள் என்று தள்ளிவிட முடியவில்லை. பள்ளியை மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நினைத்துச் செய்தவர்களும் இருந்தார்கள்.

ரவுடிக் கும்பல்களுக்கான சட்டத்தின் கீழ் 2015 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஹால் அதற்கு ஒரு மாதம் முன்பே புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். அந்த டிசம்பரில், புஷ் கையெழுத்திட்ட பழைய கல்விச் சட்டத்தை மாற்றிய புதுச் சட்டம் தண்டனைகளை மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. ஆனால் வருடாந்திரத் தேர்வை அப்படியே வைத்துக்கொண்டது. தாள் மெல்ல மறைந்து இப்போது பெரும்பாலும் கணினித் திரை. விடையை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதை அது ஸ்கேனரைவிடத் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது.

இத்தனை பேச்சும் ஆசிரியர், பள்ளி, சட்டம் என்றே போயிற்று. பிறர் கை திருத்திய தாள்களின்படி அட்லாண்டாவின் அந்தப் பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள், கணக்குப் போட்டார்கள். அதனாலேயே அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் வகுப்பும் தனிப் பயிற்சியும் கிடைக்கவில்லை. பல ஆண்டு கழித்து ‘டார்கெட் 2021’ என்ற பெயரில் அவர்களுக்கென ஓர் உதவித் திட்டத்தை நிர்வாகம் தொடங்கியது. அதற்குள் அவர்களில் பலர் பள்ளியை விட்டே போயிருந்தார்கள்.