உதைபந்தாட்டமும் உடலாற்றல் ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

உதைபந்தாட்டம் இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டாக மட்டுமன்றிப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாகவும் விளங்குகின்றது. ஆட்டக்காரர் ஒருவர் தொண்ணூறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் ஓடுகின்றார், அவரது தசைகள் எப்பொழுது களைப்படைகின்றன என்னும் வினாக்களுக்கு எண்களில் விடை கூறக்கூடிய நிலை இன்று ஏற்பட்டுள்ளது. ஆயினும் இவ்விடைகள் எளிதிற் கிடைத்தவையல்ல. நவீன உதைபந்தாட்டத்தின் விதிகள் இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. ஆட்டத்தின்போது உடல் ஆற்றும் உழைப்பு நம்பத்தகுந்த முறைகளால் அளக்கப்படலானதோ பெரும்பாலும் 1970களிலேயாகும். இடைப்பட்ட நூறாண்டுக் காலத்தில் அளவையின் இடத்தை எவை நிரப்பி நின்றன என்பதையும், அளவை வந்தபின் எவை மாறின என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய உடற்கல்வி விளையாட்டிலிருந்து தோன்றியதன்று. ஒழுங்குபடுத்தப்பட்ட உடற்பயிற்சியிலிருந்தே அது தோன்றியது. சுவீடனைச் சேர்ந்த பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813இல் ஸ்ரொக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிலையம் இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. இங்கிலாந்திலோ இருவேறு மரபுகள் நிலவின. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பாடசாலைகளில் உதைபந்தாட்டம் முதலிய விளையாட்டுக்கள் நற்பண்பை வளர்ப்பன எனப் போற்றப்பட்டன. ஏழைப் பிள்ளைகள் பயின்ற ஆரம்பப் பாடசாலைகளில் வரிசையில் நின்று கைகால்களை அசைக்கும் பயிற்சியே பெரும்பாலும் அளிக்கப்பட்டது. தென்னாபிரிக்கப் போருக்குப் படைவீரரைத் திரட்டியபோது பலர் உடற்றகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டமை ஆட்சியாளரைக் கவலைக்குள்ளாக்கிற்று. இதன் விளைவாக மக்களின் உடல்நிலைச் சீர்கேட்டை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1904இல் வெளிவந்தது. 1906இல் ஆரம்பப் பாடசாலைகளின் கற்பித்தல் நேரத்தினுள் விளையாட்டுக்கும் இடமளிக்கப்பட்டது. எனினும் 1909இல் வெளியான உடற்பயிற்சிப் பாடத்திட்டம் லிங்கின் முறையையே அடியொற்றி அமைந்தது.

இவ்விரு மரபுகளுள் எதுவும் உதைபந்தாட்டத்தை உடலியல் நோக்கில் ஆராய முற்படவில்லை. முன்னையது ஆட்டத்திற் பண்பைத் தேடியது. பின்னையது உடலில் ஒழுங்கைத் தேடியது. ஆட்டம் உடலிடமிருந்து எவற்றை வேண்டி நிற்கின்றது என்ற வினா எழுப்பப்படவேயில்லை. இவ்வினா எழுப்பப்படாமை ஒரு சிறு குறைபாடு போலத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு சிறியதன்று என்பதற்கு 1921ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்த பெண்கள் உதைபந்தாட்டக் குழுக்களை அமைத்தனர். அவற்றுட் புகழ்பெற்றது பிரெஸ்ரன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் குழுவாகும். 1920 டிசெம்பர் 26இல் லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் இக்குழு ஆடிய ஆட்டத்தை ஏறத்தாழ 53,000 பேர் கண்டுகளித்தனர். ஓராண்டு கழியுமுன், 1921 டிசெம்பர் 5இல், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இவ்விளையாட்டு பெண்களுக்கு ஒவ்வாதது எனக் கூறிய அத்தீர்மானம், தன்னைச் சார்ந்த கழகங்கள் தம் மைதானங்களைப் பெண்களின் ஆட்டங்களுக்கு வழங்கலாகாது எனவும் கேட்டுக்கொண்டது. நன்கொடைப் பணம் கையாளப்பட்ட முறை பற்றிய குற்றச்சாட்டும் அதில் இடம்பெற்றிருந்தது. பெண்ணுடலுக்கு இவ்வாட்டம் தீங்கு விளைவிக்கும் எனக் கூறிய மருத்துவர்களும் அக்காலத்தில் இருந்தனர். ஆனால் அக்கூற்றுக்கு ஆதாரமாக, ஆடும் பெண்ணின் இதயத் துடிப்போ மூச்சோ அவள் ஓடிய தூரமோ அளந்தறியப்பட்டிருக்கவில்லை. அளவை இல்லாதவிடத்துத் தப்பெண்ணமே அறிவியலின் உடையை அணிந்துகொண்டது எனலாம். இத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்து, 1970களின் தொடக்கத்திலேயே நீங்கியது.

இதே காலப்பகுதியில் உடலியல் ஆய்வு வேறொரு திசையில் விரைந்து முன்னேறியது. தசைகள் வெப்பத்தைத் தோற்றுவிக்கும் முறைபற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞர், ஓடும் மனிதன் உள்ளெடுக்கும் ஒட்சிசனை அளக்க முற்பட்டார். ஓடுபவர் வெளிவிடும் மூச்சை ஒரு பையிற் சேகரித்துப் பகுத்தாராய்வதே அவர் கையாண்ட முறையாகும். ஓட்டத்தின் வேகம் கூடக்கூட ஒட்சிசன் உள்ளெடுப்பும் கூடுகின்றது. ஆயினும் ஓர் எல்லைக்கு அப்பால் அது கூடுவதில்லை என அவரும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். எனினும் சீரான வேகத்தில் ஓடுபவருக்குப் பொருந்திய இம்முறை உதைபந்தாட்டக்காரருக்குப் பொருந்தவில்லை. அவர் நடப்பார், திடீரெனப் பாய்வார், பின்னோக்கி நகர்வார், மேலெழும்பித் தலையால் மோதுவார். மூச்சுப் பையைச் சுமந்துகொண்டு எவரும் இவ்வாறு ஆட முடியாது. ஆதலால் உதைபந்தாட்டம் ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றது.

மைதானத்திலேயே கணக்கெடுக்கத் துணிந்தவர்களுள் முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கவர் சாள்ஸ் றீப் ஆவார். பிரித்தானிய விமானப்படையிற் கணக்கு அதிகாரியாக இருந்த இவர், 1950 மார்ச் மாதத்தில் சுவிண்டன் கழகத்தின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு நகர்வையும் குறியீடுகளாற் பதிவுசெய்யத் தொடங்கினார். புள்ளிவிபரவியலாளர் பேர்னாட் பெஞ்சமினுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1968இல் அரச புள்ளிவிபரவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. கோல்களில் ஏறத்தாழ 80 சதவீதமானவை மூன்று அல்லது அதற்குக் குறைந்த பந்துப் பரிமாற்றங்களின் பின்னரே பெறப்பட்டன என றீப் கண்டார். எனவே பந்தை நெடுந்தூரம் உதைத்து விரைவாக முன்னேறுவதே சிறந்தது என்பது அவரது முடிபு. இம்முடிபு ஆங்கிலப் பயிற்றுநர் சிலரைப் பெரிதும் ஈர்த்தது.

ஆனால் எல்லா நகர்வுகளையும் எடுத்து நோக்குமிடத்து, அவற்றுள் 90 சதவீதத்திற்கும் மேலானவை மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களுடனேயே முடிவுறுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட முயற்சிகள் எண்பது கோல்களை மட்டுமே தருமாயின், எஞ்சிய மிகச் சில நீண்ட நகர்வுகளே ஒப்பீட்டளவிற் கூடுதலான பயனைத் தருகின்றன என்பது வெளிப்படை. றீப்பின் எண்களிற் பிழையில்லை. அவ்வெண்களிடம் அவர் கேட்ட கேள்வியிலேயே பிழை இருந்தது. மேலும், அவர் பந்தின் செலவைக் கணக்கிட்டாரேயன்றி ஆட்டக்காரரின் உழைப்பைக் கணக்கிடவில்லை.

உழைப்பைப் பற்றிய வினாவுக்கு 1970களில் இரு வழிகளில் விடை கிடைத்தது. முதலாவது, உடலின் உள்ளிருந்து வந்தது. தசையிலிருந்து ஊசி மூலம் மிகச் சிறிய துண்டொன்றை எடுத்து ஆராயும் முறை 1960களில் சுவீடனில் வளர்ச்சியடைந்திருந்தது. அம்முறையை உதைபந்தாட்டக்காரரிடம் கையாண்ட பெங்ற் சால்ற்றின், 1973இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தசைகளிற் போதிய கிளைக்கோசனுடன் ஆட்டத்தைத் தொடங்கியோர் ஏறத்தாழ 12 கிலோ மீற்றர் தூரம் சென்றனர். குறைந்த கிளைக்கோசனுடன் தொடங்கியோர் 10 கிலோ மீற்றரையும் எட்டவில்லை. பின்னையோர் சென்ற தூரத்திற் பாதி வெறும் நடையாகவே இருந்தது. பிற்பகுதி ஆட்டத்திற் சோர்ந்து நிற்பவரைச் சோம்பேறி எனவும் மனவுறுதியற்றவர் எனவும் பழித்த பயிற்றுநருக்கு இவ்வாய்வு தக்க மறுமொழியாக அமைந்தது. குறை பெரும்பாலும் முதல்நாள் கடும்பயிற்சியிலும் உண்ட உணவிலும் இருந்தது.

இரண்டாவது விடை மைதானத்தின் ஓரத்திலிருந்து வந்தது. தோமஸ் றைலி, வோன் தோமஸ் ஆகிய இருவரும் ஆங்கிலத் தொழில்முறை ஆட்டக்காரரை ஆராய்ந்து 1976இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். அவர்களுடைய முறை எளிமையானது. நடை, மெல்லோட்டம், விரைவோட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரரின் காலடி நீளத்தை முன்னரே கணித்துக்கொண்டனர். ஆட்டத்தின்போது ஒருவரை மட்டும் இடைவிடாது கவனித்து, அவரது நகர்வுகளை ஒலிநாடாவிற் பேசிப் பதிந்தனர். இதன்படி ஆட்டக்காரர் ஒருவர் சராசரியாக 8.7 கிலோ மீற்றர் தூரம் செல்கின்றார் என்பதும், நடுக்கள ஆட்டக்காரரே மிகக் கூடிய தூரம் செல்கின்றனர் என்பதும் தெரியவந்தன. இவற்றினும் வியப்புக்குரியது பிறிதொன்று. ஆட்டக்காரர் செல்லும் மொத்தத் தூரத்தில் 2 சதவீதத்திற்கும் குறைவான பகுதியே பந்துடன் செல்லப்படுகின்றது. பார்வையாளரின் கண்கள் பந்தையே தொடர்கின்றமையால், எஞ்சிய 98 சதவீத உழைப்பும் அதுவரை காணப்படாததாகவே இருந்தது.

இவ்வாய்வின் பயன் பயிற்சி முறையிலும் வெளிப்பட்டது. எல்லா ஆட்டக்காரரையும் மைதானத்தைச் சுற்றி ஒரே சீராக ஓடச்செய்த பழைய வழக்கத்திற்கு அடிப்படை இல்லாது போயிற்று. லிவர்பூல் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் 1975இல் விளையாட்டு அறிவியல் ஒரு பட்டப்படிப்பாகத் தொடங்கப்பட்டது. அறிவியலும் உதைபந்தாட்டமும் பற்றிய முதலாவது உலக மாநாடு 1987இல் அந்நகரிலேயே நடைபெற்றது. பின்வந்தோர் மொத்தத் தூரம் மட்டும் போதிய அளவுகோலன்று எனவும் காட்டினர். டென்மார்க்கைச் சேர்ந்த மாக்னி மோர், யென்ஸ் பாங்ஸ்போ முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்தர ஆட்டக்காரருக்கும் இடைத்தர ஆட்டக்காரருக்கும் இடையே மொத்தத் தூரத்தில் அதிக வேறுபாடில்லை. கடுவேக ஓட்டத்திலோ முன்னையோர் 28 சதவீதம் கூடுதலாக ஓடினர்.

டென்மார்க்கின் முன்னணிப் பெண் ஆட்டக்காரரைப் பற்றிய ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. அவர்கள் ஓர் ஆட்டத்திற் சராசரியாக 10.3 கிலோ மீற்றர் தூரம் சென்றனர் என அது கண்டது. இதனை 1976ஆம் ஆண்டின் 8.7 கிலோ மீற்றருடன் நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. காலமும் அளவை முறையும் ஆட்டத்தின் வேகமும் வேறானவை. ஆயினும் 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பரிசீலிப்பதற்கு இவ்வொரு எண் போதுமானது. பெண்ணுடலால் இயலாது எனக் கூறப்பட்டதொன்றைப் பெண்ணுடல் இயற்றிக் காட்டியது. அது முறையாக அளந்தும் பதியப்பட்டது. ஆனால் தீர்ப்புக்கும் இவ்வளவைக்கும் இடையில் 84 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்விடைவெளியில் ஆடும் வாய்ப்பை இழந்த தலைமுறைகளுக்கு எந்த ஆய்வும் ஈடுசெய்ய இயலாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உடலாற்றல் ஆய்வின் வரலாறு கருவிகளின் வளர்ச்சி பற்றிய வரலாறு மட்டுமன்று என்பது புலனாகும். 1921இல் அளவையின்றித் தீர்ப்பு வழங்கப்பட்டது. றீப்பிடம் அளவை இருந்தது, கேள்வி பிழைத்தது. சால்ற்றினும் றைலியும் வோன் தோமசும் ஆடுபவரின் உடல் உண்மையில் என்ன செய்கின்றது எனப் பொறுமையுடன் நோக்கிய பின்னரே முடிபு கூறினர். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மாணவன் ஒருவனையோ மாணவி ஒருத்தியையோ ஆடத் தகாதவர் என மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துகையில், இம்மூவகை வழிகளுள் எதனைப் பின்பற்றுகின்றார் என்பதைத் தம்முள் வினவிக்கொள்ளுதல் வேண்டும்.